படம் பார்க்கத் தெரிந்த மருத்துவர்: கல்வராயன் மலையின் தேவை

ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே கருவி இருப்பது ஒன்று. எடுத்த படத்தைப் பார்த்து, இது காசநோய், இது எலும்பு முறிவு, இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல ஆள் இருப்பது வேறொன்று. கருவியை லாரியில் ஏற்றி ஒரே நாளில் மலைமேல் இறக்கிவிடலாம். படம் பார்க்கும் கண்ணைப் பழக்க மாதக்கணக்கில் ஆகும். உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் போன்ற அடிப்படைப் பட வசதிகூட எட்டவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. எட்டாமல் போவதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. வாங்கிய கருவி உறை பிரிக்காமல் கிடப்பதும், எடுத்த படம் யாரும் சரியாகப் பார்க்காமல் நோயாளியின் கைப்பையிலேயே கிடப்பதும் வசதி குறைந்த ஊர்களில் புதிதல்ல. சிறப்பு மருத்துவர் இல்லாத இடத்தில், அங்கே இருக்கும் பொது மருத்துவருக்கே படம் எடுக்கவும் பார்க்கவும் கற்றுக்கொடுப்பது இதற்கு ஒரு வழி. அந்தப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும், எதில் வெல்லும், எதில் தோற்கும் என்பதைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் மேற்கு எல்லையில் எழும் கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில் சேலம் மாவட்டத்துக்குள்ளும் நீள்கிறது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகள். அங்கே வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் மக்கள். சாமை, தினை, மரவள்ளி பயிரிடுகிறார்கள். வேலை தேடிப் பல மாதங்கள் வெளியூர் போகிறார்கள். இந்த மலை செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் சாராய வேட்டையின்போதுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து விசாரித்தது. சாலை, பள்ளி, மருத்துவம் பற்றிய கேள்விகள் அப்போதுதான் உரக்கக் கேட்கப்பட்டன. அதற்கு ஒரு பேரழிவு தேவைப்பட்டது வருத்தத்துக்குரியது.

மலையில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் பணியாற்றுவோர் எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர்களும் செவிலியர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும். கதிரியக்க நோயறிதலில் எம்.டி. முடிக்க எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு இன்னும் மூன்று ஆண்டுகள் ஆகும். அப்படி முடித்தவர்களுக்கு நகரத்து ஸ்கேன் மையங்களில் வேலை காத்திருக்கிறது. அவர்களில் ஒருவர் மலை நிலையத்துக்கு வந்து குடியேறுவார் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. எம்.பி.பி.எஸ். படிப்பிலோ கதிரியக்கத் துறைக்குக் கிடைப்பது சில வாரங்களே. நோயாளியின் உடல்நிலையை நன்றாகக் கணிக்கத் தெரிந்த இளம் மருத்துவர்கூடத் தன் கையில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயைத் தனியே கொடுத்தால் தயங்குவது இதனால்தான்.

இந்தச் சிக்கலை உலகம் இப்போதுதான் முதன்முறையாக யோசிக்கிறது என்றில்லை. எளிதில் இயக்கக்கூடிய, மின்தடையைத் தாங்கும் எக்ஸ்ரே கருவி ஒன்றை 'அடிப்படைக் கதிரியக்க அமைப்பு' என்ற பெயரில் உலக சுகாதார நிறுவனம் 1970களின் பிற்பகுதியிலிருந்து முன்வைத்தது. கருவி மட்டும் போதாது என்பது அப்போதே தெரிந்திருந்தது. அதனால் 1985இல் பொது மருத்துவர்களுக்காகவே எக்ஸ்ரே பார்க்கும் கையேடு ஒன்றை வெளியிட்டார்கள். 1995இல் அல்ட்ராசவுண்டுக்கும் ஒரு கையேடு வந்தது. சென்னைக்கு இதில் இன்னும் பழைய வரலாறு உண்டு. ரான்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்து நாற்பது ஆண்டுகள் ஆவதற்குள், 1934இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்கக் கழகம் திறக்கப்பட்டது. கேப்டன் பர்னார்டின் முயற்சியில் உருவான அது இந்தியாவின் மிகப் பழைய கதிரியக்கப் பயிற்சி நிறுவனங்களில் ஒன்று. ஆக, சிறப்பு மருத்துவரை உருவாக்கும் கலை தமிழகத்துக்குத் தொண்ணூறு ஆண்டுகளாகத் தெரியும். பொது மருத்துவருக்கு அதில் ஒரு பகுதியைக் கற்றுக்கொடுக்கும் முறைதான் இன்னும் ஒழுங்காக அமையவில்லை.

பயிற்சியின் முதல் பாடம் நெஞ்சு எக்ஸ்ரேயாக இருப்பதே நியாயம். அதற்குக் காரணம் காசநோய். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் விடுபட்டுப் போயிருப்பார்கள். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் நுரையீரலில் நோய் இருந்தது. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போய்த் திரும்பும் மலைவாழ் இளைஞரிடம் 'இருமல் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த ஒரே எண் சொல்லிவிடுகிறது.

நெஞ்சு எக்ஸ்ரே பார்க்கும் பயிற்சி நோயிலிருந்து தொடங்குவதில்லை, படத்தின் தரத்திலிருந்து தொடங்குகிறது. படத்தில் உள்ள பெயரும் இடது வலது அடையாளமும் சரியா? நோயாளி நேராக நின்றாரா? இரு காறையெலும்புகளின் உள்முனைகளும் நடுவிலுள்ள முதுகெலும்பு முள்ளிலிருந்து சம தூரத்தில் இருந்தால் நேராக நின்றார் என்று பொருள். ஒரு பக்கம் திரும்பியிருந்தால் இல்லாத நோய் இருப்பதுபோல் தோன்றும். மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தாரா? உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகள் ஒன்பதோ பத்தோ எண்ண முடிந்தால் இழுத்திருக்கிறார். குறைவாக இருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கி வெண்மையாகி, நிமோனியா என்று ஏமாற்றிவிடும். இதெல்லாம் சரியென்றால்தான் அடுத்த கட்டம். மூச்சுக்குழாய் நடுவில் இருக்கிறதா, இதயம் மார்பின் அகலத்தில் பாதிக்கு மேல் போயிருக்கிறதா, விலாவும் உதரவிதானமும் சேரும் மூலைகள் கூர்மையாக இருக்கின்றனவா, மழுங்கியிருக்கின்றனவா என்று ஒரே வரிசையில் பார்க்க வேண்டும். மழுங்கியிருந்தால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். கடைசியாக, கண் எளிதில் தாண்டிவிடும் இடங்கள்: காறையெலும்புக்கு மேலே உள்ள நுனி, இதயத்தின் பின்புறம், உதரவிதானத்தின் கீழே. பெரியவர்களின் காசநோய் பெரும்பாலும் மேற்பகுதியில் பிடிப்பதால் அந்த நுனியை விட்டுவிடுவது பெருந்தவறு. இந்த வரிசையை ஒவ்வொரு படத்திலும் விடாமல் பின்பற்றும் பழக்கமே பயிற்சியின் சாரம். கண்ணில் பட்ட ஒரு புள்ளியில் மனம் நின்றுவிட்டால் பக்கத்திலுள்ள இன்னொன்று தப்பிவிடும். அனுபவசாலிகளுக்கும் இது நேர்வதுண்டு.

கணினி இந்த வேலையில் கைகொடுக்கத் தொடங்கிவிட்டது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய் அறிகுறிகளைக் கணினி மென்பொருள் மூலம் பிரித்தெடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. நான்கு கிலோவுக்கும் குறைவான எடையில், கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகளும் வந்துவிட்டன. இந்தியாவின் காசநோய்த் தேடலில் இரண்டும் பயன்படுகின்றன. பேருந்து ஏறாத குக்கிராமத்துக்கு இது பெரிய வரம். ஆனால் மென்பொருள் சொல்வது 'சந்தேகம் உண்டு, இல்லை' என்பதை மட்டுமே. சந்தேகப்பட்டவரிடம் சளி வாங்கி மூலக்கூறு பரிசோதனைக்கு அனுப்புவதும், காசநோய் அல்லாத இதய வீக்கமோ கட்டியோ படத்தில் இருந்தால் கண்டுகொள்வதும் மருத்துவரின் பொறுப்பு. மென்பொருளை நம்பிப் படம் பார்க்கக் கற்காமல் விட்டால், அது தவறும்போது தவறு என்று சொல்லக்கூட அங்கே ஆள் இருக்காது.

எக்ஸ்ரே பயிற்சியில் பாதுகாப்பும் சேர்ந்தது. ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர்வீச்சு, இயற்கையாக நாம் சில நாட்களில் பெறும் அளவுதான். நோயாளி பயப்படத் தேவையில்லை. நாள்தோறும் படம் எடுக்கும் நுண்கதிர்வீச்சாளருக்குத்தான் கவனம் வேண்டும். அவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வைத்திருக்கிறது. கதிர்வீச்சை அளக்கும் வில்லையைச் சட்டையில் குத்திக்கொள்வதும், ஒவ்வொரு பெண் நோயாளியிடமும் கர்ப்பமா என்று கேட்டுவிட்டுப் படம் எடுப்பதும் கருவியோடு சேர்ந்து மலையேற வேண்டிய பழக்கங்கள்.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சுக் கவலை இல்லை. மடிக்கணினி அளவுக் கருவி பேட்டரியிலும் ஓடும். மலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்றே சொல்லலாம். சிக்கல் என்னவென்றால், எக்ஸ்ரேயை ஒருவர் எடுக்க இன்னொருவர் பார்க்கலாம். ஸ்கேனில் எடுப்பவரே பார்ப்பவர். கருவியின் முனையை எந்தச் சாய்வில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே திரையில் விழுவது அமையும். கை பழகாவிட்டால் நோய் திரைக்கே வராது.

ஒரு பிரசவச் சிக்கலை எடுத்துக்கொள்வோம். எட்டாம் மாதக் கர்ப்பிணிக்கு வலியில்லாமல் திடீரென ரத்தம் போகிறது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். அந்த நிலையில் உள் பரிசோதனை செய்வது ரத்தப்போக்கை மடையாகத் திறந்துவிடக்கூடும். எனவே முதலில் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்பது விதி. அடிவயிற்றில் கருவி முனையை நடுக்கோட்டில் நிறுத்தி, சிறுநீர்ப்பை, அதன் பின்னால் கருப்பை வாய், அதற்கு மேலே நஞ்சின் கீழ் விளிம்பு மூன்றையும் ஒரே படத்தில் கொண்டுவரத் தெரிந்தால் போதும். நஞ்சு வாயை மூடியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் முடிவு உடனே மாறுகிறது: மலை நிலையத்தில் காத்திருக்கவோ, ரத்த வங்கி இல்லாத இடைவழி மருத்துவமனையில் நிறுத்தவோ கூடாது. ரத்தமும் அறுவை அரங்கும் உள்ள இடத்துக்கு நேராக 108 ஆம்புலன்ஸை அனுப்ப வேண்டும். மலைப்பாதை வளைவுகளில் ஒரு மணி நேரம் தவறான திசையில் போவது தாயின் உயிரைப் பறிக்கும். முன்கூட்டியே ஆறாம் ஏழாம் மாதத்தில் தெரிந்துவிட்டால் பிரசவத் தேதிக்கு முன்பே அவரைக் கீழே அழைத்துவந்து தங்கவைக்கலாம். கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்ததன் பயன்களில், பிரசவத் தேதியைச் சரியாகக் கணிப்பதும் இரட்டைக் குழந்தைகளை முன்பே அறிவதும் அடங்கும். கடைசி மாதவிலக்கு நாள் நினைவில்லாத பெண்கள் அதிகமுள்ள மலையில் அந்தத் தேதியே பெரிய உதவி.

பயிற்சி பெறும் பொது மருத்துவர் எல்லா உறுப்புகளையும் ஸ்கேனில் ஆராய வேண்டியதில்லை. குழந்தையின் இதயத் துடிப்பு இருக்கிறதா, எத்தனை குழந்தைகள், தலை எந்தப் பக்கம், நஞ்சு எங்கே, பைக்கில் விழுந்தவரின் வயிற்றுக்குள் ரத்தம் சேர்ந்திருக்கிறதா, இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா. இப்படி 'ஆம், இல்லை' என்று பதில் கிடைக்கும் கேள்விகள் பத்துப் பன்னிரண்டு போதும். விபத்து நோயாளிக்குக் கல்லீரலுக்கும் வலச் சிறுநீரகத்துக்கும் இடைவெளி, மண்ணீரலைச் சுற்றி, இடுப்புக்குழி, இதய உறை என்று நான்கு இடம் பார்ப்பார்கள். பழகிய கைக்கு ஐந்து நிமிட வேலை. அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி இப்படிப்பட்ட ஒவ்வொரு வகை ஸ்கேனிலும் 25 முதல் 50 வரை, மூத்தவர் சரிபார்த்த ஸ்கேன்களைச் செய்திருக்க வேண்டும் என்கிறது. 'சரிபார்த்த' என்பதைத்தான் நம்மூரில் விட்டுவிடுகிறோம். மூன்று நாள் பயிலரங்கம், குழுப்படம், சான்றிதழ், அதோடு முடிந்துபோகிறது. யாரும் சரிபார்க்காமல் ஐம்பது ஸ்கேன் செய்தவர் ஒரே தவறை ஐம்பது முறை செய்து அதில் உறுதியாகிவிடவும் கூடும்.

இந்தியாவில் கர்ப்பிணி ஸ்கேன் பயிற்சிக்குச் சட்டத்தின் கட்டுப்பாடும் உண்டு. கருவில் பெண் எனத் தெரிந்து கலைப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டத்தின்கீழ், கருவியும் இடமும் மருத்துவரும் பதிவு பெற வேண்டும். ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் 'எஃப்' படிவம் நிரப்ப வேண்டும். 2014இல் வந்த விதிகள் எம்.பி.பி.எஸ். மருத்துவர் இந்த ஸ்கேனுக்குத் தகுதிபெற ஆறு மாதப் பயிற்சி, அதாவது 300 மணி நேரம் வேண்டும் என்றன. இந்த விதிகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் செல்லாது என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. ஒரு மருத்துவர் ஒரு மாவட்டத்தில் இரண்டு இடங்களுக்கு மேல் பதிவு பெற முடியாது; கையடக்கக் கருவியைப் பதிவு பெற்ற இடத்துக்கு வெளியே கொண்டுசெல்லவும் வரம்பு உண்டு. ஊர் ஊராகப் போய் ஸ்கேன் பார்க்க வேண்டிய மலையில் இவை இடைஞ்சல்தான். ஆனாலும் இந்தச் சட்டத்தைக் குறைசொல்லத் தமிழகத்தில் யாருக்கும் எளிதில் மனம் வராது. கல்வராயன் மலையின் மறுபக்கமான சேலத்தில்தான் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்வதைவிட, 300 மணி நேரப் பயிற்சியை மலை மருத்துவருக்கு முன்னுரிமை கொடுத்து, அரசுச் செலவில், மாவட்டத்துக்குள்ளேயே நடத்துவதே சரியான வழி.

பயிற்சி மட்டும் உயிர் காக்காது என்பதற்கும் வலுவான சான்று இருக்கிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசு, கென்யா, ஜாம்பியா, பாகிஸ்தான், குவாத்தமாலா ஆகிய நாடுகளின் கிராம சுகாதார நிலையங்களில் செவிலியர் உள்ளிட்ட பணியாளர்களுக்கு இரண்டு வார வகுப்பும் பன்னிரண்டு வாரக் களப் பயிற்சியும் கொடுத்துக் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்க வைத்தார்கள். 2018இல் வெளியான முடிவு பலரை ஏமாற்றியது. அவர்கள் ஸ்கேனை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். ஆனால் தாய், சிசு இறப்பு குறையவில்லை, மருத்துவமனைப் பிரசவமும் கூடவில்லை. ஆபத்து என்று கண்டுபிடித்த பெண்ணுக்கு வண்டியும், போய்ச் சேர்ந்த இடத்தில் மருத்துவரும் ரத்தமும் இல்லாவிட்டால் கண்டுபிடித்து என்ன பயன்? தமிழகத்தில் 108 வண்டியும், மருத்துவமனைப் பிரசவப் பழக்கமும் இருப்பதால் இங்கே அதே பயிற்சி கூடுதல் பலன் தர வாய்ப்புண்டு. ஆனால் அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கல்வராயன் மலைக்கு அருகிலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. இந்த மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையிலுள்ள சித்திலிங்கி பள்ளத்தாக்கில், தருமபுரி மாவட்டத்தில், மருத்துவர் தம்பதி ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அங்கும் மலையாளி மக்கள்தான். அவர்கள் வந்தபோது பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் ஆண்டிலேயே இறந்துகொண்டிருந்ததாக அவர்களது நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. பிறகு அது பெருமளவு குறைந்தது. குடிசை எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் அறுவை அரங்கும் கொண்ட மருத்துவமனையாக வளர்ந்தது. இதில் கட்டடத்தைவிட ஆட்களைத்தான் கவனிக்க வேண்டும். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே தேர்ந்தெடுத்து, சுகாதாரப் பணியாளர்களாகப் பல ஆண்டுகள் பயிற்றுவித்தார்கள். அந்த ஊரிலேயே பிறந்தவர்கள் என்பதால் கற்றதை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடவில்லை.

அரசு நிலையங்களின் பெரிய பலவீனம் இங்கேதான். மலை, எளிதில் எட்டாத பகுதி போன்ற இடங்களில் பணியாற்றும் அரசு மருத்துவருக்கு மேற்படிப்பு நுழைவில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரை, மொத்தத்தில் அதிகபட்சம் முப்பது விழுக்காடு ஊக்க மதிப்பெண் கிடைக்கும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் மலைக்கு மருத்துவரே வரமாட்டார். அதனால் அது தேவை. ஆனால் சில ஆண்டுகளில் அவர் எம்.டி. படிக்கக் கிளம்பிவிடுவார் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து, அவர் போனதும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதே வழக்கமாகிவிடுகிறது. எனவே பயிற்சியை ஆளோடு கட்டாமல் நிலையத்தோடு கட்ட வேண்டும். புதிய மருத்துவர் பொறுப்பேற்ற மாதத்திலேயே பயிற்சி தொடங்க வேண்டும். படம் எடுக்கும் பணிக்கு உள்ளூர் இளைஞர்களைப் படிக்க வைத்து அமர்த்த வேண்டும். பார்த்த படங்கள் பெயர் நீக்கி அந்த நிலையத்திலேயே சேமிக்கப்பட்டு அடுத்தவருக்குப் பாடமாக வேண்டும்.

இதற்கான மையம் மலையடிவாரத்திலேயே வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி சிறுவங்கூரில், 150 எம்.பி.பி.எஸ். இடங்களோடு, தமிழகத்தின் மற்ற பத்துப் புதிய கல்லூரிகளுடன் 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அங்கே கதிரியக்கத் துறை உண்டு, ஆசிரியர்கள் உண்டு. மலை நிலையங்களில் எடுக்கும் ஒவ்வொரு எக்ஸ்ரேயும் இணையம் வழியே அங்கே போய், மலை மருத்துவர் தன் முடிவை எழுதி அனுப்பிய பிறகு, துறை ஆசிரியர் தன் முடிவைத் திருப்பி அனுப்பினால் தினமும் ஒரு பாடம் நடந்துவிடும். ஆசிரியர் அறிக்கையை மட்டும் அனுப்பினால் மலை மருத்துவர் எதையும் கற்கமாட்டார். அவர் முதலில் எழுத வேண்டும் என்பது முக்கியம். வாரம் ஒருமுறை காணொலியில் எல்லா நிலையத்தவரும் கூடி, தவறிய படங்களைக் கூச்சமில்லாமல் பேசுவது இன்னும் பலன் தரும். முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. கதிரியக்க முதுநிலை மாணவர்களைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பி, வாரத்தில் ஓரிரு நாள் மலை நிலையங்களில் அருகிருந்து கற்றுக்கொடுக்கச் சொன்னால், அவர்களுக்கும் நகரத்தில் கிடைக்காத அனுபவம்.

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு, அதன்பின் பயிற்சி மருத்துவராக ஓர் ஆண்டு. சிறுவங்கூரில் 2022 தொடக்கத்தில் சேர்ந்த முதல் அணிக்கு அந்த ஓர் ஆண்டு 2026-27இல் வருகிறது. அந்த ஆண்டின் கிராமப்புறப் பணிக் காலத்தில் சில வாரங்களையேனும் கல்வராயன் மலை நிலையங்களில், சரிபார்க்கும் ஆசிரியர் மறுமுனையில் இருக்க, எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்க்கும் வாரங்களாகக் கல்லூரியும் மாவட்ட நிர்வாகமும் ஒதுக்க வேண்டும். கருவி வாங்கும் கோப்பில் பயிற்சிக்கும் ஒரு வரி சேர்த்தால் அதைத் தொடங்கிவிடலாம்.